காரணம் தெரியவில்லை என்றால் சந்தேகத்தின் பலன் யாருக்கு?

ராணுவ மெடிக்கல் போர்டுகளில் உட்காரும் டாக்டர்களுக்கும், டிஸபிலிட்டி பென்ஷன் அப்பீல்களைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும்,

டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டு, முன்னாள் படைவீரரான என் கணவர் போட்ட இரண்டாவது அப்பீலும் தள்ளுபடி ஆகிவிட்டது. வந்த கடிதத்தில் காரணம் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: நோய் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை. முதல் அப்பீலுக்கு வந்த பதிலும் இதே வரிதான். அதற்கு முன்னால் மெடிக்கல் போர்டு எழுதியதும் இதுவேதான். நாங்கள் இணைத்து அனுப்பிய காகிதங்களைப் பற்றி எந்தப் பதிலிலும் ஒரு சொல்கூட இல்லை. அவற்றைப் படித்தீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் எனக்கு முதலில் கேட்க வேண்டியிருப்பது அதுதான்.

தனியாக மனுப் போட்டால் மறுபடியும் அந்த ஒற்றை வரியே வரும் என்பதால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். அதே மாதிரிக் கடிதத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்களில் பலருக்கு அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லக்கூட ஆளில்லை.

என் கணவர் 2005-ல் படையில் சேர்ந்தார். சேரும்போது தலை முதல் கால் வரை பரிசோதித்து, முழு ஆரோக்கியம் என்று பொருள்படும் ஷேப்-1 கொடுத்தது நீங்கள்தான். பட்டாலியனில் வயர்லெஸ் ஆபரேட்டர். அலைவரிசை எண்கள், அழைப்புக் குறிகள் எல்லாம் காகிதம் பார்க்காமல் சொல்வார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2012-ல் அவருடைய கம்பெனி சியாச்சின் பனிமலைக்குப் போனது. அங்கே பல போஸ்டுகள் 18,000 அடிக்கு மேல். மூச்சுவிடப் போதுமான காற்று இல்லை. தூங்கும் குடிலுக்குள் பொகாரி என்னும் மண்ணெண்ணெய்க் கணப்பு இராப்பகலாக எரியும். அதன் புகையைத்தான் சுவாசித்தாக வேண்டும், அணைத்தால் குளிரில் சாக வேண்டும். கீழே இறங்கி லீவில் வீட்டுக்கு வந்தபோது இருமினால் சளி கறுப்பாக வந்தது. வாஷ்பேசினில் அதைப் பார்த்து நான் பயந்துபோனேன். எல்லோருக்கும் இப்படித்தான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார். சளி சரியானது. மற்றது எதுவும் சரியாகவில்லை.

அடுத்த போஸ்டிங் சமவெளியில் ஒரு பீஸ் ஸ்டேஷன், அதாவது எல்லைப் பதற்றம் இல்லாத முகாம். அங்கே போன பிறகுதான் உடம்பு வலி ஆரம்பித்தது. முதலில் தோள், அப்புறம் இடுப்பு, அப்புறம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எங்கே வலிக்கவில்லை என்று அவர் யோசிக்கும் நிலை. தூங்கி எழுந்தாலும் தூங்காத களைப்பு. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சின் நடுவில் சொல் மறந்துபோய் நின்றார். யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போனால் வலி மாத்திரையும் இரண்டு நாள் ஓய்வுச் சீட்டும் கிடைத்தன. மறுபடி போனால் 'நடிக்கிறான்' என்ற பேச்சு. படையில் உடம்பு சரியில்லை என்று அடிக்கடி சிக் ரிப்போர்ட் செய்கிறவனை எப்படிப் பார்ப்பார்கள் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் போவதை நிறுத்திக்கொண்டார். இன்று நீங்கள் கேட்கும் பழைய ரெக்கார்டு இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ரத்தம், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., நரம்புப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே, உடம்பில் கோளாறு இல்லை, மனக்குறை உடல் வலியாக வெளிப்படுகிறது என்று எழுதினார்கள். வேறொரு ஊரில் மூட்டு-தசை நோய் நிபுணர் ஒருவர், உடம்பு முழுக்கத் தீராத வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்றார். அந்த ஒருவர்தான் அவரைப் படுக்கவைத்துக் கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தவர். 2017-ல், பன்னிரண்டாவது வருட சர்வீசில், போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இயலாமை 20 சதவீதம், ஆயுள் முழுக்க. பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதினார்கள்.

இந்த போர்டின் நடவடிக்கைப் படிவத்தை ஆர்.டி.ஐ. போட்டுத்தான் வாங்கினோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அதை வரி வரியாகப் படித்தேன். ஒரு கேள்வி: பணியில் சேருமுன் இந்த நோய் இருந்ததா? பதில்: இல்லை. அடுத்த கேள்வி: பணியால் வந்ததா? பதில்: இல்லை. பணியால் அதிகமானதா? இல்லை. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், உடல்வாகு சார்ந்த கோளாறு, பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்று இருந்தது. பனிமலையில் இருந்ததைப் பற்றிப் படிவத்தின் முதல் பக்கத்தில் யூனிட் பெயரும் தேதியும் இருக்கின்றன. முடிவு எழுதிய பக்கத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

வரும்போது இல்லாத நோய், பன்னிரண்டு வருடம் உங்கள் கையில் இருந்தபோது வந்த நோய், அவருடைய உடல்வாகு என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எந்தப் பரிசோதனை அதைக் காட்டியது? எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று சொன்னவர்களும் நீங்கள்தானே. நோய் இருப்பதை அவை காட்டவில்லை என்றால், நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் அவை காட்டியிருக்க முடியாது. மனநோய் என்றே வைத்துக்கொள்வோம். அதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த மனசும் அதே பன்னிரண்டு வருடம் அதே பணியில்தான் இருந்தது.

பீஸ் ஸ்டேஷன் என்ற காரணம்தான் என்னால் தாங்க முடியாதது. பனிமலையில் வேலை பார்க்கிறவன் அங்கே வலியைப் பற்றி யாரிடம் சொல்வான்? அங்கே தாங்கிக்கொண்டு, இறங்கிய பிறகு டாக்டரிடம் போவதுதான் நடைமுறை. முதல் சீட்டு எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதை வைத்து நோய் பிறந்த ஊரைக் குறிக்கிறீர்கள். 2016 பிப்ரவரியில் சோனம் போஸ்ட்டில் 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் போனபோது நாடே அழுதது. அவர்களில் எங்கள் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளையும் ஒருவர். அந்தக் குளிரும் உயரமும் ஆளைக் கொல்லும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். உயிரோடு இறங்கியவன் உடம்பில் அதே குளிரும் உயரமும் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம் என்பதை மட்டும் ஏன் யோசித்துப் பார்க்கவும் மறுக்கிறீர்கள்?

இரக்கம் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் விதியைப் படியுங்கள் என்று கேட்கிறேன். என் கணவரை வீட்டுக்கு அனுப்பியபோது இருந்த டிஸபிலிட்டி பென்ஷன் விதிகளிலேயே காரணம் தெரியாத நோய்களைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறது. ஒரு நோயின் காரணம் பற்றி ஒன்றுமே தெரியாத நிலையில், படைவீரருக்குச் சாதகமான அனுமானம் முறியடிக்கப்படவில்லை என்றால், அது பணியால் வந்ததாகவே ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சாதாரணமாக, மனுதாரர் தன் உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் விதியில் இருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு உறுதியான ஒற்றைக் காரணம் இது என்று மருத்துவம் இன்னும் சொல்லவில்லை. அப்படியானால் இந்த விதி எழுதப்பட்டதே என் கணவர் மாதிரி ஆட்களுக்காகத்தான். தெரியவில்லை என்பது உங்கள் மேஜைக்கு வரும்போது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று மாறிவிடுகிறது. விதியில் அப்படி ஒரு வழியே இல்லை.

உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தரம்வீர் சிங் வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1985-ல் சேர்ந்தவர், வலிப்பு நோயால் 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவருக்கும் உடல்வாகு சார்ந்த கோளாறு, பணிக்குத் தொடர்பில்லை என்றுதான் எழுதினார்கள். 2013 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால் அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, அதாவது அரசுடையது. சந்தேகத்தின் பலன் வீரருக்கே. சேரும்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு போர்டு காரணம் எழுத வேண்டும். 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் இதே வழியில்தான் தீர்ப்பு வந்தது. எங்கள் இரண்டு அப்பீலிலும் இந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிட்டோம். பதிலில் அவை இல்லை.

தீர்ப்பு வந்தும் நிலைமை மாறவில்லை என்பது அரசாங்கத்துக்கே தெரியும். 2015-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு, இயலாமை அடைந்த வீரர்களுக்கு எதிராக அரசே வழக்கு நடத்திக்கொண்டிருப்பதைக் கடுமையாகவே விமர்சித்தது. அதற்குப் பிறகும் இந்த வழக்குகள் நிற்கவில்லை. எத்தனை ரூபாய்க்காக இந்தச் சண்டை? இயலாமை நூறு சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். என் கணவரின் 20 சதவீதத்தை விதிப்படி 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டாலும் கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம்தான் வரும். அதை மறுப்பதற்கு வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் அரசு செலவழிப்பது அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இது நம் நாட்டுப் பிரச்சனை மட்டுமில்லை. 1990-91 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா ஏறக்குறைய 7 லட்சம் பேரை அனுப்பியது. திரும்பி வந்தவர்களுக்கு உடம்பு வலி, தீராத களைப்பு, மறதி, வயிற்றுக் கோளாறு. பரிசோதனைகளில் பிடிபடவில்லை. அங்கேயும் முதலில் மன அழுத்தம் என்றுதான் சொன்னார்கள். நரம்பு வாயுவுக்கு எதிராகக் கொடுத்த மாத்திரை, பூச்சிமருந்து, 1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியாவில் ஆயுதக் கிடங்கைத் தகர்த்தபோது காற்றில் கலந்த சரின் நச்சு வாயு என்று பல காரணங்கள் பின்னால் ஆராயப்பட்டன. நான்கில் ஒருவருக்காவது இந்தப் பாதிப்பு உண்டு என்று 2008-ல் அவர்களுடைய ஆலோசனைக் குழுவே சொன்னது. ஆனால் காரணம் தெரியும்வரை அந்த நாடு காத்திருக்கவில்லை. கண்டறியப்படாத நோய்க்கும் இழப்பீடு உண்டு என்று 1994-லேயே சட்டம் போட்டது. 2001-ல் ஃபைப்ரோமயால்ஜியா, நாள்பட்ட களைப்பு நோய், குடல் எரிச்சல் நோய் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அந்தப் போர்க்களத்தில் பணி செய்திருக்க வேண்டும், நோய் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். எந்தப் புகையால் வந்தது என்று வீரர் நிரூபிக்க வேண்டாம்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2015 நிதியாண்டில் இந்த வகை மனுக்களில் 17 சதவீதம்தான் ஏற்கப்பட்டன என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-ல் அறிக்கை கொடுத்தது. மற்ற நோய்களுக்கு ஏற்பு இதைப்போல் மூன்று மடங்கு. காரணமும் சொன்னது: பரிசோதிக்கும் டாக்டர்களுக்கு இந்த நோயைப் பற்றி 90 நிமிடப் பயிற்சி ஒன்று இருந்தது, ஆனால் கட்டாயமில்லை, பத்தில் ஒருவர்தான் அதை முடித்திருந்தார். சட்டப் புத்தகத்தில் நல்ல வரி இருந்தும், மேஜையில் உட்காருகிறவருக்கு நோயே தெரியவில்லை. நம் கதையும் அதுதான். வித்தியாசம், அவர்கள் தங்கள் மறுப்புகளை எண்ணிப் பார்த்து வெளியே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று ரிட்டயர்டு ஆகும் நேரத்தில் எல்லோரும் டிஸபிலிட்டி கேட்கிறார்கள், தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற பேச்சு இருக்கிறது. 2023 செப்டம்பரில் விதிகளை மாற்றியதற்குப் பின்னாலும் அந்தக் கவலை இருந்தது. ஏமாற்றுகிறவரைப் பிடியுங்கள், நாங்களும் கூட நிற்கிறோம். ஆனால் அதற்கு ஒவ்வொருவரையும் இன்னும் கவனமாகப் பரிசோதிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரியை எழுதினால் ஏமாற்றுகிறவரும் நோயாளியும் உங்களுக்கு ஒன்றாகத்தான் தெரிவார்கள். அவர்களில் வசதியுள்ளவர் படை வழக்குகளை விசாரிக்கும் டிரிப்யூனலுக்குப் போய் வாங்கிவிடுவார், என் கணவர் மாதிரி சிப்பாய் வீட்டில் உட்காருவார்.

இன்று அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் 20 சதவீதம் என்ற எண்ணிலிருந்து அது தெரியாது. காலையில் விரல்கள் மடங்காது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். வெந்நீரில் கையை வைத்து எடுத்தால்தான் டம்ளரைப் பிடிப்பார். ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாமல் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து, பையை வரிசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க ஆள் வாட்டசாட்டமாக இருப்பதால், நல்ல உடம்பை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறார் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். செக்யூரிட்டி வேலைக்குப் போய்ப் பார்த்தார், ராத்திரி முழுக்க நிற்க முடியவில்லை. அலைவரிசைகளை மனப்பாடமாகச் சொன்னவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். எந்த மாத்திரை போட்டாயிற்று, கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா, மகளின் பள்ளியில் எத்தனை மணிக்கு மீட்டிங் எல்லாம் அதில்தான். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் இ.சி.எச்.எஸ். கார்டு இருக்கிறது, பிரிகாபலின் மாத்திரை கிடைக்கிறது, அதற்கு நன்றி. இன்வாலிட் பென்ஷன் வருகிறது. அவர் கேட்பது அதற்கு மேல் வரும் பணத்தை மட்டும் இல்லை. இந்த நோய் பணியில் வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். நடிக்கவில்லை என்று அவர் யாரிடமும் வாதாடத் தேவையில்லாமல் போகும்.

நான் கேட்பவை இவை.

காரணம் தெரியாத நோய் என்று போர்டு முடிவு செய்தால், காரணம் தெரியாத நோய்களுக்கான விதியை மேற்கோள் காட்டி, அதை ஏன் பொருத்தினீர்கள் அல்லது ஏன் பொருத்தவில்லை என்று அந்த நபரின் பணி விவரத்தோடு எழுதுங்கள். 'உடல்வாகு' என்று மட்டும் எழுதிய முடிவை மேல் அதிகாரி கையெழுத்திடாமல் திருப்பி அனுப்ப வேண்டும். தீராத வலி, தீராத களைப்பு உள்ளவர்களின் போர்டில் மூட்டு-தசை நோய் நிபுணரின் நேரடிப் பரிசோதனை கட்டாயம் ஆகட்டும். போர்டில் உட்காரும் டாக்டர்களுக்கு இந்த நோய்களில் பயிற்சி கொடுங்கள், அதை விருப்பத்துக்கு விடாதீர்கள்.

பனிமலையிலும் எல்லைப் போஸ்டுகளிலும் ஒருவர் எந்த உயரத்தில், எவ்வளவு காலம், எந்தச் சூழலில் இருந்தார் என்ற அறிக்கையை யூனிட்டே போர்டுக்கு அனுப்ப வேண்டும். அதைத் தேடி அலையும் வேலையைச் சிப்பாயின் தலையில் கட்டாதீர்கள். நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி, உயர்மலைப் பணி முடித்து வந்த யாரையும் மறுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

போர்டு முடிந்த அன்றே நடவடிக்கைப் படிவத்தின் நகலையும், முழு மருத்துவப் பதிவுகளையும் வீரர் கையில் கொடுங்கள். 15 வருடம் கழித்துக் கேட்டால், பதிவுகள் அழிந்துவிட்ட நிலையில், நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது என்று நான் மேலே சொன்ன விதிகளில் இருக்கிறது. பதிவுகளை வைத்திருப்பதும் அழிப்பதும் நீங்களாக இருக்கும்போது அந்தப் பொறுப்பு எங்கள் மேல் விழக் கூடாது. அப்பீலைத் தள்ளுபடி செய்தால், மனுவில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைத் தமிழிலோ, அவரவர் தாய்மொழியிலோ ஒரு பக்கமாவது இணைத்து அனுப்புங்கள்.

டிரிப்யூனல் வீரருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தால், உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்துவைத்த விஷயத்தில் மறுபடி மேல்முறையீடு போடாதீர்கள். இதுவரை இந்த ஒற்றை வரியால் மறுக்கப்பட்ட, காரணம் தெரியாத நோயுள்ளவர்களின் கோப்புகளை நீங்களே எடுத்து மறுபரிசீலனை செய்யுங்கள். எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்பதை நோய்வாரியாக ஒவ்வொரு வருடமும் வெளியிடுங்கள்.

என் கணவரின் கோப்பை மறுபடி திறந்து, ஒரு நிபுணரை வைத்து அவரை நேரில் பார்த்து, காரணத்தோடு முடிவு எழுதுங்கள். சர்வீஸ் நம்பரும் அப்பீல் நம்பரும் உங்கள் அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அறுபது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லை என்றால் டிரிப்யூனலின் சென்னை அமர்வில் மனுத் தாக்கல் செய்வோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மனைவி,
வேலூர் மாவட்டம்